ஸ்கை தீவின் கூரை வீடுகள்: கில்மூர் அருங்காட்சியகத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

கார்த்திகா_மான்செஸ்டர்:
எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் கடைசி வாரம் அம்மாவையும் (68 வயது) பையனையும் (9 வயது) கூட்டிக்கொண்டு ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்குப் போகிறோம். போர்ட்ரீயில் மூன்று ராத்திரி. தீவின் வட முனையில் கில்மூர் என்ற ஊரில் பழைய கூரை வீடுகளை வைத்து ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது, ஸ்கை மியூசியம் ஆஃப் ஐலண்ட் லைஃப். என்னோடு வேலை பார்க்கும் தோழி, "நாலு குடிசை, இருபது நிமிஷம் போதும், அந்த நேரத்தில் குவிராங் மலையில் ஏறிவிடலாம்" என்கிறாள். அம்மாவால் மலையேற முடியாது. ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் கூரை வீட்டில் பிறந்து கல்யாணம் வரைக்கும் அங்கேயே இருந்தவர் அவர். அவருக்காகவே இந்த இடத்தைக் குறித்து வைத்தேன். போனவர்கள் சொல்லுங்கள், உண்மையில் எவ்வளவு நேரம் வேண்டும்?

வடகடல்:
இன்வர்னஸில் பதினோரு வருஷமாக இருக்கிறேன், அங்கே நான்கு முறை போயிருக்கிறேன். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள் தங்கச்சி. பக்கத்திலிருக்கும் கல்லறைத் தோட்டத்தையும் சேர்த்தால் மூன்று.

முதலில் நடைமுறை விஷயம். ஈஸ்டர் சமயம் திறந்து இலையுதிர்காலத் தொடக்கத்தில் மூடிவிடுவார்கள். ஞாயிறு விடுமுறை. இதைத் தெரியாமல் போய்த் திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். போர்ட்ரீயிலிருந்து ஊய்க் வழியாக சுமார் 20 மைல். சாலை பல இடங்களில் ஒற்றைத் தடம்தான், எதிரே வண்டி வந்தால் ஒதுங்க அங்கங்கே இடம் விட்டிருப்பார்கள். கார் இல்லையென்றால் ட்ராட்டர்னிஷ் தீபகற்பத்தைச் சுற்றும் பஸ் இருக்கிறது. அம்மாவுக்கு நல்ல பிடிமானமுள்ள செருப்பும் காற்றுத் தாங்கும் கோட்டும் கட்டாயம். வாசல்கள் தாழ்வு. நம் பக்கத்துக் கூரை வீட்டில் தலைகுனிந்து நுழைந்து பழகியவருக்குச் சிரமம் இருக்காது.

1965-இல் உள்ளூர்க்காரர் ஒருவரின் முயற்சியில் தொடங்கிய இடம் அது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு தீவுக் கிராமம் எப்படி இருந்ததோ அப்படி வைத்திருக்கிறார்கள். குடும்பம் வாழ்ந்த வீடு, நெசவாளி வீடு, கொல்லன் பட்டறை, களஞ்சியம், ஊரார் கூடிக் கதை பேசும் கேலி வீடு என்று தனித்தனியாக. (கிண்டல் இல்லை, 'கேலி' என்றால் இந்தத் தீவுகளின் பழைய மொழியான கேலிக்கில் ஒருவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுவது.) கடைசியாகச் சொன்ன அந்த வீட்டில் பழைய புகைப்படங்களும் காகிதங்களும் சுவர் நிறைய இருக்கும். அவசரக்காரர்கள் விட்டுவிடுவது அதைத்தான். நீங்கள் விடாதீர்கள்.

உள்ளே போகும் முன் வெளியே நின்று கூரையைப் பாருங்கள். மூங்கில் கிடையாது, பனை கிடையாது, அந்தத் தீவில் மரமே அரிது. கிடைத்த கட்டைகளை வைத்துச் சட்டம் போட்டு, நாணலும் கோரையும் வேய்ந்து, மேலே கயிறு ஓட்டி, கயிற்று நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். இறவாரம் முழுக்கக் கற்கள் வரிசையாகத் தொங்கும். அட்லாண்டிக் காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போகாமலிருக்க அந்தக் கல்தான் காவல். மூலைகளெல்லாம் மழுங்கலாக உருண்டிருப்பதும் அதற்காகவே, காற்று முட்டி நிற்க ஒரு முனை இருக்கக் கூடாது. சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிமன். உள்ளும் புறமும் கல், நடுவில் மண் அடைப்பு.

ரகு_க்ராய்டன்:
மாற்றுக் கருத்துச் சொல்ல மன்னிக்கவும். இரண்டு வருஷம் முன்பு ஒரு சுற்றுலா பஸ்ஸில் போனேன். எங்களுக்குக் கொடுத்தது இருபத்தைந்து நிமிஷம். எனக்கு மனசு ஒப்பவில்லை. வெள்ளையடித்த சுவர், அடுக்கி வைத்த தட்டுகள், மெத்தை விரித்த கட்டில், வெளியே பூ. எல்லாரும் "எவ்வளவு அழகு" என்று படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டினியும் ஈரமும் காசமும் இருந்த வீடுகள் இவை. வறுமையைத் துடைத்துத் துலக்கி வைத்தால் அது பொம்மை வீடாகிவிடுகிறது. என் அப்பா பிறந்த குடிசையை யாராவது இப்படிப் பூ வைத்து டிக்கெட் போட்டுக் காட்டினால் எனக்குக் கோபம் வரும். உண்மையான கறுப்பு வீட்டை (புகைபோக்கி இல்லாத பழைய கூரை வீட்டுக்கு அங்கே அதுதான் பெயர்) பார்க்க வேண்டுமென்றால் லூயிஸ் தீவில் ஆர்னல் போங்கள். அங்கே உள்ளே பீட் (சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கட்டி, அதுதான் விறகு) எரிகிறது, கண் எரிகிறது, மாட்டுத் தொழுவமும் வீடும் ஒரே கூரைக்குள்.

தீவகத்தான்:
ரகு சொன்ன ஆர்னலுக்கு நானும் போனனான். 42-ஆம் இலக்க வீடு. 1960-களின் நடுப்பகுதி வரைக்கும் சனம் இருந்த வீடு அது, அதை யோசிச்சுப் பாருங்கோ. புகைபோக்கி இல்லை. நடுவில அடுப்பு, புகை கூரை வழியாத்தான் மெல்லக் கசிஞ்சு போகும். அந்தக் கரி படிஞ்ச கூரை வைக்கோலைப் பிரிச்சுத் தோட்டத்துக்குப் பசளையாப் போடுவினமாம். மாட்டுக்கொட்டில் தாழ்ந்த பக்கமா இருக்கும், கழிவு வீட்டுப் பக்கம் வராது. ஒரு பொருளும் வீணாப் போகேல்லை.

நான் தீவில பிறந்தவன் எண்டபடியால் ஒண்டு சொல்லுறன். காத்துக்குப் பயந்து வீடு கட்டுறவை எல்லா இடத்திலயும் ஒரே மாதிரித்தான் யோசிப்பினம். ஆர்னல் வீட்டில கூரை சுவரின்ர உள்விளிம்பில இருக்கு, வெளியில சுவர்த் தலையில புல் முளைச்சிருக்கும். ஸ்கை வீட்டில கூரை சுவரைத் தாண்டி வெளிய இறங்குது. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துத் தீவு, ஆனா வேலைப்பாடு வேற. ரெண்டையும் பார்த்தாத்தான் இந்த வித்தியாசம் கண்ணில படும். ஊய்க்கில இருந்து ஹாரிஸ் தீவின்ர டார்பர்ட்டுக்கு ஃபெரி இருக்கு, ஒண்டே முக்கால் மணித்தியாலம் எடுக்கும். அங்கயிருந்து லூயிசுக்குத் தரைவழி, ரெண்டும் ஒட்டின நிலம். அக்கா, அம்மாவோட மூண்டு நாளில ரெண்டும் கஷ்டம். கில்மூரை ஆறுதலாப் பாருங்கோ.

செவிலி_அன்பு:
ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தபோது இந்தத் தீவுகளில் ஒன்றில் பிறந்த ஒரு பாட்டி என் கவனிப்பில் இருந்தார். வயது தொண்ணூறு தாண்டியிருந்தது. நினைவு தப்பத் தப்ப ஆங்கிலம் போய் கேலிக் மட்டும் மிஞ்சியது. ராத்திரி படுக்க வைக்கும்போது கையால் எதையோ மூடுவது போல மூன்று முறை செய்வார். என்னவென்று புரியாமல் அவர் மகளிடம் கேட்டேன். அடுப்பை அணைக்காமல் சாம்பலால் மூடுவதாம் அது. தணலை மூன்றாகப் பிரித்து, பிதா சுதன் பரிசுத்த ஆவி பேரைச் சொல்லி மூடி, விடியற்காலையில் சாம்பலைத் தள்ளி ஊதினால் அதே நெருப்பு. தலைமுறை தலைமுறையாக அணையாத நெருப்பைப் பெருமையாகச் சொல்லும் வீடுகள் இருந்தனவாம்.

பள்ளிக்கூடத்தில் கேலிக் பேசினால் அடி விழும் என்றும் அந்த மகள் சொன்னார். 1872-இல் வந்த ஸ்காட்லாந்துக் கல்விச் சட்டத்தில் கேலிக்குக்கு இடமே வைக்கவில்லை. ரகு அண்ணா, நீங்கள் சொல்லும் கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த மகள் வருஷா வருஷம் தன் பிள்ளைகளைக் கில்மூருக்குக் கூட்டிப் போவார். "எங்க அம்மா தூங்கின கட்டில் எப்படி இருந்துச்சுன்னு வேற எங்கே காட்டுறது?" என்று கேட்டார். சுவருக்குள் அலமாரி மாதிரி மூன்று பக்கம் பலகை அடைத்து, முன்னால் திரை போட்ட பெட்டிக் கட்டில். குளிருக்கு அதுதான் அறைக்குள் ஓர் அறை.

வடகடல்:
ரகு சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. அங்கே அழகை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அதற்கு நான் கண்ட வழி ஒன்று: அந்த வீட்டை வெறும் வீடாகப் பார்க்காமல் குத்தகைக்காரனின் வீடாகப் பார்ப்பது.

க்ராஃப்ட் என்பது குத்தகைத் துண்டு நிலம். நிலம் ஜமீன்தாருக்கு, அதன் மேல் நிற்கும் வீட்டைக் கட்டியது குடியானவன். அந்தக் காலத்தில் பெரும்பாலோருக்கு வருஷக் குத்தகைதான். ஜன்னலைப் பெரிதாக்கினால், புகைபோக்கி வைத்தால், வீட்டைச் சீராக்கினால் குத்தகை ஏறும். வெளியேற்றினால் கட்டியதற்கு ஒரு பென்னி கிடைக்காது. அப்படியிருக்க யார் நல்ல வீடு கட்டுவார்கள்? 'பழங்கால வாழ்க்கைமுறை' என்று பலகை சொல்லும் விஷயத்தில் பாதி, சட்டம் உண்டாக்கியது. வெளியேற்றப்பட்ட குடும்பம் முதலில் தூக்கிக்கொண்டு போனது கூரை மரத்தை. மரமில்லாத ஊரில் அதுதான் சொத்து. திரும்பி வந்துவிடக் கூடாது என்று அந்த மரத்தையே ஜமீன் ஆட்கள் எரித்த இடங்களும் உண்டு.

1846-இல் உருளைக்கிழங்கு நோய் வந்து பட்டினி, பிறகு ஆடு மேய்க்க நிலம் வேண்டுமென்று வெளியேற்றம், கப்பலேறி கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும். இந்த அருங்காட்சியகம் நிற்கும் கில்மூர் எஸ்டேட்டில் 1870-களில் குத்தகையை ஏற்றிக்கொண்டே போனார்கள். 1881-இல் இதே எஸ்டேட்டின் வால்டோஸ் ஊரார் கட்ட மறுத்தார்கள். மறு வருஷம் போர்ட்ரீக்குத் தெற்கே ப்ரேஸ் கிராமத்தில் மேய்ச்சல் நிலத் தகராறு. வெளியேற்ற நோட்டீஸைப் பிடுங்கி எரித்தார்கள். கைது செய்ய கிளாஸ்கோவிலிருந்து சுமார் 50 போலீஸ்காரர்கள் வந்தபோது பெண்கள்தான் முன்னால் நின்று கல்லெறிந்தார்கள்.

பழைய_மெட்ராஸ்:
இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். வடகடல் நிறுத்திய இடத்திலிருந்து நமக்கு ஒரு தொடர்பு இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ப்ரேஸ் கலவரத்துக்குப் பிறகு குடியானவர்களின் நிலையை விசாரிக்க 1883-இல் அரசு ஒரு ஆணையம் போட்டது. அதன் தலைவர் நேப்பியர் பிரபு. சென்னையில் கூவம் கடலில் சேரும் இடத்துப் பாலத்தை நேப்பியர் பாலம் என்கிறோமே, அதே ஃப்ரான்சிஸ் நேப்பியர்தான். 1866 முதல் 1872 வரை மெட்ராஸ் கவர்னர். பாலம் 1869. திருவனந்தபுரத்து நேப்பியர் மியூசியமும் இவர் பேரில்தான். வைஸ்ராய் மேயோ பிரபு அந்தமானில் கொல்லப்பட்டபோது கொஞ்ச காலம் தற்காலிக வைஸ்ராயாகவும் இருந்தார்.

அந்த ஆணையத்தின் முதல் அமர்வு 1883 மே 8, ப்ரேஸில். சாட்சி சொல்ல வந்த முதல் ஆள் ஆங்கஸ் ஸ்டூவர்ட் என்ற குடியானவர். வாயைத் திறக்கும் முன் அவர் கேட்டது: உள்ளதைச் சொன்னால் என்னை நிலத்தை விட்டுத் துரத்த மாட்டார்கள் என்று உறுதி தருவீர்களா? பலர் கேலிக்கில்தான் பேசினார்கள், மொழிபெயர்ப்பாளர் வைத்துக் கேட்டார்கள். தீவு தீவாகப் போய் 700 பேருக்கு மேல் விசாரித்து எழுதிய வாக்குமூலங்கள் தொகுதி தொகுதியாக அச்சில் இருக்கின்றன. படிக்கப் படிக்க நெஞ்சை அடைக்கும். 1886-இல் க்ராஃப்ட்டர்ஸ் சட்டம் வந்தது. நிலத்தில் நிலைக்கும் உரிமை, நியாயக் குத்தகை, வாரிசுக்கு விட்டுப்போகும் உரிமை, கட்டியதற்கு ஈடு. அதன் பிறகுதான் வீடுகள் மாறத் தொடங்கின.

காமராஜர் சாலையில் எத்தனை தடவை அந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறேன். ஸ்கைக்காரர்கள் அவர் முன்னால் நின்று கதறியது அறுபது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது.

கார்த்திகா_மான்செஸ்டர்:
போய்வந்துவிட்டோம்! எல்லோருக்கும் நன்றி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை போனோம். காலையில் தூறல், கில்மூர் போய்ச் சேரும்போது வெளுத்துவிட்டது. எதிரே கடலுக்கு அப்பால் ஹாரிஸ் மலைகள் நீலமாகத் தெரிந்தன. காரை விட்டு இறங்கியதும் அம்மா நேராக இறவாரத்துக்குப் போய்த் தொங்குகிற கல்லைக் கையில் ஏந்தி எடை பார்த்தார். "புயல் வந்தா எங்க தாத்தா கூரை மேல வைக்கோல் பிரியப் போட்டுக் கட்டுவாரு, கல்லு கட்டலை" என்றார். அப்புறம் கூரையின் விளிம்பைத் தடவி, எவ்வளவு நெருக்கமாக அடித்திருக்கிறார்கள் என்று விரலால் அளந்தார். பத்து நிமிஷம் வெளியிலேயே போய்விட்டது. தோழி சொன்ன இருபது நிமிஷத்தில் பாதி.

குடும்ப வீட்டுக்குள் நுழைந்ததும் கண் பழகக் கொஞ்சம் நேரம் ஆனது. ஜன்னல்கள் அவ்வளவு சின்னவை. வடகடல் அண்ணா எழுதியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்பே படிக்காமல் போயிருந்தால் 'என்ன அழகான குட்டி ஜன்னல்' என்று படமெடுத்திருப்பேன். பையனிடம் சொன்னேன், ஜன்னல் பெரிசானா வாடகை ஏறும்னு பயந்திருக்காங்கடா என்று. அவன் அதை நம்பவே இல்லை. "அவங்களே கட்டின வீட்டுக்கு ஏன் வாடகை?" என்று கேட்டான். வீடு அவங்களுது, நிலம் அவங்களுது இல்லை என்று விளக்கினேன். வழியெல்லாம் அதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டு வந்தான்.

பெட்டிக் கட்டில் முன்னால் அம்மா ரொம்ப நேரம் நின்றார். அன்பு சொன்ன பாட்டியைப் பற்றி நான் சொல்லியிருந்தேன். கையால் மூடும் அந்தச் செய்கையை அம்மா தானே செய்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

நெசவாளி வீட்டில் தறியும் ராட்டினமும். அம்மா தறி ஓட்டத் தெரிந்தவர் இல்லை, ஆனால் பக்கத்துத் தெரு முழுக்கத் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர். நெய்த கம்பளியை அப்படியே உடுத்த முடியாது, இறுகச் செய்ய வேண்டும். துணியை நாள்பட்ட மூத்திரத்தில் நனைத்து, நீளப் பலகையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டே மாற்றி மாற்றி அடிப்பார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவது. அம்மா உடனே, "நடவுப் பாட்டு" என்றார். பையனுக்கு மூத்திரத்தைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை.

அவனுக்குப் பிடித்தது கொல்லன் பட்டறை. துருத்தியும் பட்டறைக்கல்லும் பார்த்ததும் அங்கிருந்து கிளம்ப மாட்டேன் என்றான். வெளியே விவசாயக் கருவிகளில் வளைந்த கைப்பிடியுள்ள ஒரு மிதி கலப்பை இருந்தது, காஸ்க்ரோம் என்று பெயர். மாடு பூட்ட முடியாத கல்லும் சரிவுமான நிலத்தில் காலால் மிதித்து மண்ணைப் புரட்டுவது. நல்ல நிலமெல்லாம் ஆட்டுக்குப் போய், கல்லுக்காட்டில் உருளைக்கிழங்கு போட வேண்டி வந்தவர்களின் கலப்பை. பீட் வெட்டும் மண்வெட்டியும் அங்கேதான், தோளளவு உயரம், ஓரத்தில் பிளேடு மாதிரி ஒரு இறக்கை. கோடைத் தொடக்கத்தில் வெட்டிக் காயவைத்தால்தான் குளிர்காலத்துக்கு அடுப்பு எரியும்.

கேலி வீட்டில் உட்கார்ந்தே ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். சுவரிலிருக்கும் முகங்கள்! பெயர் தெரியாத கிழவிகள், முதுகில் பீட் கூடை, நடந்துகொண்டே கையில் பின்னல் ஊசி. அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஒவ்வொரு படமாக நான் சொல்லச் சொல்ல, அவர் நின்று பார்த்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார்.

பிறகு கல்லறைத் தோட்டம். ஃப்ளோரா மெக்டொனால்டுக்கு உயரமான சிலுவை. பிரிட்டிஷ் அரியணைக்காகப் போரிட்டு 1746-இல் தோற்றோடிய இளவரசர் சார்லஸ் ஸ்டூவர்ட்டின் தலைக்கு 30,000 பவுண்டு விலை வைத்திருந்தபோது, அவரைப் பணிப்பெண் வேஷத்தில் படகேற்றி இந்தத் தீவுக்குக் கொண்டுவந்த பெண். 1790-இல் இறந்தார். முதலில் வைத்த கல்லை வந்தவர்கள் நினைவுக்காக உடைத்து உடைத்தே தீர்த்துவிட்டார்களாம். அதே தோட்டத்தில் ஆடை வடிவமைப்பாளர் அலெக்ஸாண்டர் மெக்வீனும் இருக்கிறார். லண்டனில் பிறந்தவர், முன்னோர் ஊர் இது என்பதால் இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்திருக்கிறார்கள்.

மொத்தம் மூன்றேகால் மணி நேரம் ஆனது. அம்மா களைக்கவே இல்லை.

ரகு அண்ணா, ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த வெள்ளையடிப்பும் பூவும் எனக்கும் கண்ணில் பட்டது. ஆனால் அம்மா சொன்னது வேறு: "வெள்ளையடிச்சு, சாணி மெழுகி, கோலம் போட்டுத்தானே நாங்களும் இருந்தோம். ஏழை வீடு அழுக்காத்தான் இருக்கணுமா?" இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

ரகு_க்ராய்டன்:
அம்மா கேட்டது சரியான கேள்வி. என் அப்பா வீட்டிலும் வெள்ளிக்கிழமை தவறாமல் மெழுகுவார்கள், நான் அதை மறந்துவிட்டேன். இருபத்தைந்து நிமிஷத்தில் பார்த்துவிட்டு எழுதியது என் தவறு. இருந்தாலும் குத்தகை, வெளியேற்றம் பற்றிய காகிதங்கள் கடைசி வீட்டுச் சுவரில் மட்டும் இருக்கக் கூடாது, வாசலிலேயே இருக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

வடகடல்:
அதில் உங்களோடு நானும் உடன்படுகிறேன் ரகு.

தீவகத்தான்:
அடுத்த மே மாதம் நான் திரும்பவும் போறன், கில்மூர் முதல், பிறகு ஃபெரியில ஆர்னல். கார்ல ரெண்டு இடம் இருக்கு. ரகு, வாறியளே?

ரகு_க்ராய்டன்:
வருகிறேன். அப்பாவுக்கும் ஒரு இடம் வேண்டும். தேதி முடிவானதும் சொல்லுங்கள், லீவு போட வேண்டும்.

கார்த்திகா_மான்செஸ்டர்:
தேதி போடும்போது ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள் அண்ணா. அம்மா கேட்கச் சொல்கிறார்: அந்தக் கூரையை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள், வேயத் தெரிந்த ஆள் இன்னும் ஊரில் இருக்கிறாரா என்று அங்கே விசாரித்து வாருங்கள்.